கூகுள் தேடலில் குறிகளைப் போடும்போது எங்கே தவறுகிறோம்?

ஒரே தளத்துக்குள் தேடச் சொல்லும் சைட் (site), ஒரே வகைக் கோப்பை மட்டும் கேட்கும் ஃபைல்டைப் (filetype) போன்ற கட்டளைகளைப் போட்டும் கூகுள் கண்டதையெல்லாம் காட்டுகிறதா? முதலில் இடைவெளியைப் பாருங்கள். கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, அதை ஒட்டியே தள முகவரியோ கோப்பு வகையோ வர வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் அது கட்டளையாக வேலை செய்யாது. போனில் கீபோர்டு பரிந்துரைக்கும் சொல்லைத் தட்டினால் இடைவெளி தானாகவே சேர்ந்துவிடும், கவனம். முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூவும் வேண்டாம். போட்டால் அதே தளத்தின் மற்ற கிளை முகவரிகள் விடுபட்டுவிடும்.

தமிழில் தேடுபவர்களை அதிகம் ஏமாற்றுவது மேற்கோள் குறிதான். "பட்டா மாறுதல்" என்று குறிக்குள் அடைத்தால், அதே எழுத்துகள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களைத்தான் கேட்கிறீர்கள். 'பட்டா மாற்றம்', 'பட்டா பெயர் மாற்றம்' என்று எழுதியவையெல்லாம் வெளியே போய்விடும். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 'மாறுதலுக்கு' என்பதும் வேறு சொல்லாகிவிடுகிறது. கோயில், கோவில் கதையும் இதுதான். அதனால் முதலில் குறியில்லாமல் தேடிப் பாருங்கள். முடிவுகள் குவிந்தால் மட்டும், உருபு ஏறாத பெயர்களுக்கோ அரசாணைத் தலைப்புக்கோ குறி போடுங்கள்.

பழைய தமிழ் பிடிஎஃப்களில் இன்னொரு சிக்கல். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லாத, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில், கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. அங்கே தமிழ்ச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டாலும் சிக்காது. ஆண்டு, துறையின் பெயர், அரசாணை எண் என்று தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கழித்தல் குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது. 'வேப்ப எண்ணெய் -விலை' என்பது சரி. ஆனால் அந்தச் சொல் ஒரே ஒரு வரியில் வந்திருந்தாலும் நல்ல விவசாயக் கட்டுரையும் சேர்ந்து போய்விடும். அதனால் கழிக்கும் சொல்லை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டில் ஏதாவது ஒன்று போதும் என்றால் 'அல்லது' என்று தமிழில் எழுதிப் பயனில்லை. அதுவும் தேடுசொல் ஆகிவிடும். ஆங்கில ஓ, ஆர் இரண்டையும் பெரிய எழுத்தில் (OR) அடியுங்கள், அல்லது நெடுங்கோடு (|) போடுங்கள். பட்டா மாறுதல், பட்டா மாற்றம் இரண்டையும் தனித்தனி மேற்கோளில் வைத்து நடுவில் இந்தக் கோட்டைப் போட்டால் இரண்டு வகைப் பக்கங்களும் வரும்.

அப்புறம், பழைய வழிகாட்டிகளை நம்பி ஓய்வுபெற்ற கட்டளைகளைப் போடாதீர்கள். ஒரு சொல் கட்டாயம் வேண்டும் என்று சொல்லும் கூட்டல் குறியைக் கூகுள் 2011இலேயே எடுத்துவிட்டது. அந்த வேலையை இப்போது மேற்கோள் குறி செய்கிறது. சேமித்த பிரதியைக் காட்டும் கேச் கட்டளை 2024இல் போய்விட்டது. அழிந்துபோன பக்கம் வேண்டுமென்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.