புதிதாக வாங்கிய கோழிக்கு எந்தத் தீன்?

கோழி வாங்கப் போனால் விலை பேச முன்னம் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள்: எத்தனை வாரக் கோழி, முட்டையிடத் தொடங்கிவிட்டதா, இதுவரை என்ன தீன் போட்டார்கள். எந்தத் தீன் வாங்குவது என்பது இந்த மூன்று பதிலில்தான் இருக்கிறது. முடிந்தால் அதே தீனில் ஒன்றிரண்டு கிலோ வாங்கி வாருங்கள். இடம் மாறிய அன்றே தீனும் மாறினால் கழிச்சல் பிடிக்கும். அது தீனாலா நோயாலா என்று பிறகு பிரித்தறிய முடியாது. முதல் மூன்று நாள் பழைய தீன் மட்டும் கொடுங்கள். பிறகு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டி ஒரு வாரத்தில் முழுதாக மாற்றிவிடலாம்.

எட்டு வாரம் வரை உள்ள குஞ்சுக்கு ஸ்டார்ட்டர் தீன். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். முதல் வாரத்தில் ஒரு குஞ்சு நாளைக்கு 10 முதல் 15 கிராம்தான் தின்னும். எட்டாம் வாரத்தில் 40 கிராமைத் தாண்டும். கொண்டுவந்தவுடன் தீனுக்கு முன்னே தண்ணீர் காட்டுங்கள். தூரத்திலிருந்து வந்த குஞ்சென்றால் முதல் சில மணி நேரத்துக்கு ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி கரைத்து வைக்கலாம். அன்று இரவு ஒவ்வொரு குஞ்சாகக் கையிலெடுத்து, கழுத்தடியில் வலப்பக்கம் இருக்கும் தீன்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் தீனும் தண்ணீரும் எடுத்திருக்கிறது. கட்டியாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. வெறுமையாக இருந்தால் தீன் இருக்குமிடம் இன்னும் தெரியவில்லை. பழைய பேப்பரில் கொஞ்சம் தூவி விரலால் தட்டிக் காட்டுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பிறகு முட்டைக்கு வரும்வரை குரோவர் தீன், நாளைக்கு 60 முதல் 80 கிராம். இந்தப் பருவத்தில் பெரிதாகச் சிக்கல் வராது.

தவறு அதிகம் நடப்பது முட்டையிடும் கோழிக்கான லேயர் தீனில். அதில் கல்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம். குரோவரில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். முட்டையிடாத குஞ்சுக்கு லேயர் தீன் போட்டால் மிஞ்சும் கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்ணை இனம் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும், ஊர்க்கோழி இன்னும் சில வாரம் பிந்தும். அதனால் வாரக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கொண்டை சிவந்து பெருத்து, கிட்டப் போனால் பேடு பதுங்கி உட்காரத் தொடங்கினால் லேயருக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மற்றத் தவறு, குறுணலை மட்டும் எறிந்து வளர்ப்பது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடை முடிந்து ஆலைகளில் குறுணலும் தவிடும் மலிவாகக் கிடைக்கும்போது கை அங்கேதான் போகும். கணக்கைப் பாருங்கள். முட்டையிடும் பேடு ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் லேயர் தின்றால் நான்கு கிராம் கல்சியம் கிடைக்கிறது. ஒரு முட்டை ஓட்டிலேயே இரண்டு கிராமுக்கு மேல் போய்விடும், தின்ற கல்சியம் முழுவதும் உடம்பில் சேருவதும் இல்லை. குறுணலில் கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். புரதம் ஏழெட்டு சதவீதம்தான். தீனில் மூன்றில் ஒரு பங்கைக் குறுணலாக்கினால் புரதம் 16இலிருந்து 13ஐ ஒட்டி இறங்கும். முட்டை குறையும், ஓடு பிடிக்காத தோல்முட்டை வரும், பேடு தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். கூட்டில் அடைத்து வளர்க்கும் கோழிக்குக் குறுணல், சோறு, மரக்கறிக் கழிவு எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வளவில் மேய்ந்து பூச்சி பொறுக்கும் ஊர்க்கோழிக்குக் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

முட்டை ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அதனால் சிப்பி ஓட்டைப் பின்னேரத்தில் தனிச் சட்டியில் வையுங்கள். மட்டி சமைத்த வீட்டில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை: நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அரிசியளவு துண்டாக இடியுங்கள். மாவாக்கினால் சீக்கிரம் கரைந்து போய்விடும். துண்டாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி விடியும்வரை கரையும். தீனோடு கலக்கக் கூடாது. தேவையான பேடு தானே வந்து பொறுக்கும்.

தாயும் குஞ்சும் ஒன்றாக வந்தால், கரப்பின் விளிம்பைக் கல் வைத்துக் குஞ்சு மட்டும் நுழையுமளவு உயர்த்தி, ஸ்டார்ட்டரை உள்ளே வையுங்கள். ஸ்டார்ட்டர் பையில் மருந்து சேர்த்தது என்று போட்டிருந்தால், முட்டை சாப்பிடும் வீட்டில் அதைப் பேடு தின்ன விடாதீர்கள்.

கருவாட்டுத் தூள் புரதத்துக்கு நல்லது என்று கடலோரத்தில் பலர் போடுகிறார்கள். உப்பில்லாமல் காய்ந்ததாக இருந்தால் மட்டும் சரி. உப்புக் கருவாடு குஞ்சைக் கொல்லும். பெரிய கோழியும் ஓயாமல் தண்ணீர் குடித்து நீராகக் கழியும். பச்சை மரவள்ளி இலையும் தோலும் நஞ்சு, கிட்டவும் போட வேண்டாம்.

கச்சான் என்ற சூடான காற்று அடிக்கும் மாதங்களில் கோழி பகலில் தீனைத் தொடாது. விடியவும் நான்கு மணிக்குப் பிறகும் போடுங்கள். தண்ணீர் நிழலில் இருக்கட்டும். சாதாரணமாக ஒரு பேட்டுக்கு நாளைக்குக் கால் லீற்றர் போதும், அந்த வெக்கைக்கு அரை லீற்றர் வேண்டும். குழைத்த தீன் இரண்டு மணி நேரத்தில் தின்று முடியுமளவு மட்டும்.

மாரியில் பூஞ்சணம்தான் எதிரி. ஐந்து பேட்டுக்கு நாளைக்கு 550 கிராம் என்றால் 25 கிலோ பை ஒன்றரை மாதம் வரும். அதற்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். பையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கையை விரியுங்கள்: பொலபொலவென்று உதிர வேண்டும். கட்டியாக நின்றாலோ ஊசல் மணம் அடித்தாலோ வீசிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் ஈரம்தான் போகும், பூஞ்சண நஞ்சு அப்படியே இருக்கும். ஈரலைப் பிடிக்கும் நஞ்சு அது. சோளமும் தேங்காய்ப் புண்ணாக்கும் இதில் முதலில் கெடுபவை, கடையில் வாங்கும்போதே பையைத் திறந்து மணந்து பாருங்கள்.