முதல் மேக்கப்: தாடிப் பச்சையிலிருந்து ஆரம்பிப்போம்

பெண் உடை உடுத்திப் பார்க்கும் ஆண்களுக்காக, அதிலும் இதுவரை ஒரு லிப்ஸ்டிக் மூடியைக்கூடத் திறந்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிராஸ்டிரெஸ்ஸர். பெங்களூர் அல்சூரில் ஒற்றை அறை வாடகை வீடு, வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சேலை. சேலை கட்ட நானே பழகிக்கொண்டேன். மடிப்பு சரியாக வராவிட்டால் நாலு பின் குத்திச் சமாளித்துவிடலாம். முகத்தில் அந்தச் சமாளிப்பெல்லாம் நடக்காது. ஒரு வருடம் சொதப்பி, காசை விட்டு, தோலைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அது ஒரு மாலையில் வந்துவிட்டால் நல்லதுதானே.

முதலில் என் சொதப்பல்

ஒரு பெரிய கடைக்குப் போய், "ஆபீஸ் நாடகத்துக்கு வேணும்" என்று பொய் சொன்னேன். விற்பனைப் பெண் அதை அப்படியே நம்பிவிட்டார். மேடைக்கான கெட்டி பான்கேக் ஒன்றை எடுத்து வைத்தார், அதுவும் என் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக. "லைட்ல எடுப்பா தெரியும் சார்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பிக்கொண்டேன். நெற்றியும் கன்னமும் விபூதி பூசிய மாதிரி ஆகிவிட்டன. மீசை இருந்த இடமும் தாடையும் அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து பச்சையாக எட்டிப் பார்த்தன. கழுத்து வேறு யாருடையதோ.

எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் பாரதக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுவது ஆண்தான். அந்த அரிதாரம் கனமாகத்தான் இருக்கும். களத்தின் கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரிய வேண்டுமே. நம் முகத்தைப் பார்க்கப் போவது ஒரு முழ தூரத்தில் இருக்கும் கண்ணாடி. அதனால் மேடைச் சாமான் வேண்டவே வேண்டாம்.

என்ன வாங்க வேண்டும்

ஏழே பொருள்: தாடிப் பச்சையை அடக்க ஆரஞ்சு நிறக் கலர் கரெக்டர், முகம் முழுக்கப் பூசும் தோல் நிற ஃபவுண்டேஷன், காம்பேக்ட் பவுடர், கண்மை, புருவப் பென்சில், ஒரு லிப்ஸ்டிக், முட்டை வடிவ ஸ்பாஞ்ச். எனக்கு எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய்க்குள் முடிந்தது. பிரைமர், ஹைலைட்டர், பதினெட்டு நிறம் அடுக்கிய ஐஷேடோ பெட்டி, ஒட்டு இமை எதுவும் இப்போது வேண்டாம். அந்தப் பதினெட்டு நிறப் பெட்டியை நானும் வாங்கினேன். இன்றுவரை பழுப்பு ஒன்றைத்தான் தொட்டிருக்கிறேன்.

கண்மைக்கு நான் யோசிக்கவே இல்லை, ஐடெக்ஸ்தான். அம்மாவின் பீரோவில் பார்த்துப் பழகிய பெயர். மற்றவற்றில் பிராண்டைவிடத் தேதியைப் பாருங்கள். தயாரித்த தேதி, பேட்ச் எண், விலை மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும், சீல் உடையாமல் இருக்க வேண்டும். மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படம் போட்டு 12எம் என்று எழுதியிருந்தால், திறந்த பிறகு பன்னிரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பிளாட்பாரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் "அதே" லிப்ஸ்டிக்கைத் தொடாதீர்கள். உதட்டில் போடுவது வயிற்றுக்கும் போகும்.

கடையில்

மால் வேண்டாம். பழைய ஃபேன்சி ஸ்டோர் போதும், ஆனால் போட்டுப் பார்க்க டெஸ்டர் வைத்திருக்கும் கடையாக இருக்கட்டும். சனி ஞாயிறில் போகாதீர்கள், ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரத்தில் போகவே போகாதீர்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, மதியம் மூன்று மணிக்கு அல்சூர் பஜார் தெருவில் ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அக்கா. கன்னடத்தில் ஆரம்பித்தேன். என் கன்னடத்தைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார்.

"யாருக்கு தம்பி?"

"எங்க அக்காவுக்கு."

"அவங்க என்ன கலரு?"

"என் கலர்தான்."

என் முகத்தைப் பார்த்தார். அரை நிமிஷம் இருக்கும். பிறகு டெஸ்டரைத் திறந்தபடியே சொன்னார்: "அப்ப உன் தாடையிலயே போட்டுப் பாத்துடலாம், வா."

வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் காது சூடேறிவிட்டது.

அவர் செய்ததை நீங்களும் செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்து ஷேடு மூன்றை, தாடை முடிந்து கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில், விரல் அகலத்துக்கு மூன்று கோடாக இழுக்க வேண்டும். கை மேலே போட்டுப் பார்ப்பது வீண். பைக் ஓட்டுகிறவன் கைக்கும் தாடைக்கும் எத்தனை ஷேடு வித்தியாசம் என்று வெயிலில் நின்று பார்த்தால் தெரியும். கோடு போட்டதும் முடிவெடுக்கவும் கூடாது. கடையின் டியூப்லைட் பொய் சொல்லும். போதாததற்கு, சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டுக் கால் மணி நேரத்தில் கொஞ்சம் கறுக்கும். "ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று அக்கா அனுப்பிவிட்டார்.

தாடையில் மூன்று கோட்டோடு ஏரிக்கரை வரை நடந்தேன். அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-ல் வைத்து, மூடியே போட்டிருந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருடம். நான் மூடி வைத்தது அதைவிடக் குறைவுதான் என்று ஏனோ ஒரு சமாதானம் தோன்றியது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்போன் கேமராவில் பார்த்தேன். இரண்டு கோடு தனியாகத் தெரிந்தது, மூன்றாவதைத் தேடவேண்டி இருந்தது. தேடவேண்டி இருப்பதுதான் உங்கள் ஷேடு. யார் என்ன சொன்னாலும் வெளுப்பானதை வாங்காதீர்கள். நம் ஊர் கருப்புக்கும் மாநிறத்துக்கும் மேல் வெளுப்பைப் பூசினால் அது சாம்பலாகத்தான் தெரியும், சிவப்பாகத் தெரியாது.

லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்காதீர்கள். எத்தனை பேர் வைத்ததோ! மணிக்கட்டில் போட்டுப் பார்த்தால் போதும். வாங்கி வந்ததும் ஃபவுண்டேஷனையும் கரெக்டரையும் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் விடுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

ஷேவ்

மேக்கப்பில் பாதி வேலை இதுதான். வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்து முடியை இளக விடுங்கள். புது பிளேடு. முதலில் முடி வளரும் திசையில், அடுத்து பக்கவாட்டில். எதிர்த் திசையில் இழுத்தால் இன்னும் வழுவழுப்பாகும், ஆனால் சிவந்து தடிக்கிற தோல் என்றால் பக்கவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடிப்பின் மேல் எதைப் பூசினாலும் மேடு மேடாகத் தெரியும்.

சலூன் பழக்கத்தில் படிகாரம் தேய்க்காதீர்கள். தோல் இறுகி வறண்டுபோய், ஃபவுண்டேஷன் செதில் செதிலாக உரியும். அதுவும் இந்த ஊர் டிசம்பர் குளிரில் கேட்கவே வேண்டாம். குளிர்ந்த நீரில் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, அரை மணி நேரம் முகத்தைச் சும்மா விடுங்கள். அதற்குள் சேலையைத் தேய்த்துவிடலாம்.

ஆரஞ்சு

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெண்களுக்கான வீடியோக்களில் தாடிக்கான இந்தப் படி இருக்காது, அவர்களுக்குத் தாடி இல்லை.

எவ்வளவு நன்றாக மழித்தாலும் தோலுக்கு அடியில் முடியின் வேர் இருக்கிறது. கருத்த வேரைத் தோல் வழியாகப் பார்க்கும்போது அது நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறது. நாம் தாடிப் பச்சை என்பது அதைத்தான். தோல் நிற ஃபவுண்டேஷனை அதன் மேல் எத்தனை அடுக்குப் போட்டாலும் சாம்பல்தான் மிஞ்சும். நீலத்தை அடக்குவது அதற்கு எதிர் நிறமான ஆரஞ்சு. மாநிறத்துக்கு ஆரஞ்சு, நல்ல கருப்பு என்றால் செங்கல் சிவப்புப் பக்கம் சாய்ந்த ஆரஞ்சு, வெளுத்த தோல் என்றால் பீச் நிறம்.

மோதிர விரலில் பயறளவு எடுத்துக்கொள்ளுங்கள். மேலுதடு, முகவாய், தாடை ஓரம் என்று பச்சை தெரியும் இடத்தில் மட்டும் ஒற்றி ஒற்றி வையுங்கள். தேய்த்தால் ஒரு இடத்தில் திட்டாகவும் ஒரு இடத்தில் ஒன்றுமில்லாமலும் போகும். கண்ணாடியில் பார்த்தால் குழந்தை டாங் குடித்து வாயைத் துடைக்காத மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். பச்சை போய் வெறும் ஆரஞ்சு தெரிந்தால் போதும். பளீரென்று அடித்தால் அதிகமாகிவிட்டது, டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுங்கள்.

அதன் மேல் காம்பேக்டை மெல்ல அழுத்துங்கள். இந்தப் பவுடர் பூட்டு மாதிரி. இதை விட்டால், அடுத்துப் போடும் ஃபவுண்டேஷன் ஆரஞ்சோடு கலந்து முகம் முழுவதும் மஞ்சள் காமாலை வந்தது போல ஆகிவிடும். ஆகியிருக்கிறது.

கரெக்டர் கிடைக்கவில்லையா? ஆரஞ்சு கலந்த சிவப்பு மேட் லிப்ஸ்டிக் ஒன்று அந்த வேலையைச் செய்யும். மிக மெல்லிசாக ஒற்றி, கூடவே பவுடர்.

ஃபவுண்டேஷன்

ஸ்பாஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், இரண்டு மடங்கு பருக்கும். சொட்டக் கூடாது. ஃபவுண்டேஷனைப் புறங்கையில் கொஞ்சம் ஊற்றி, ஸ்பாஞ்சால் தொட்டு, முகத்தில் தட்டித் தட்டி வையுங்கள். இழுக்காதீர்கள், அடியில் இருக்கும் ஆரஞ்சு நகர்ந்துவிடும். தாடையோடு நிறுத்தாமல் கழுத்தில் இரண்டு விரல் அளவு இறக்கி மங்கவிடுங்கள், காதையும் மறக்க வேண்டாம். மேலுதட்டில் மட்டும் இரண்டாவது அடுக்கு தேவைப்படலாம். மறுபடி பவுடர்.

இந்த விஷயத்தில் பெங்களூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சென்னையில் இருக்கும் என் தோழிக்கு மே மாதத்தில் பொட்டு வைப்பதற்குள் மேலுதடு வியர்த்துவிடுகிறதாம். அவளுக்கு டிஷ்யூவும் காம்பேக்டும் கைப்பையிலேயே இருக்கும்.

மிச்சம்

புருவத்தைப் பிடுங்க வேண்டாம், திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவி, இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் பென்சிலால் முடி முடியாக இழுங்கள். கறுப்பைவிடக் கரும்பழுப்பு நல்லது. கண்மை கீழ் இமைக்குள் ஒரு கோடு, மேல் இமை ஓரத்தில் ஒரு கோடு. ஐலைனர் பிறகு வரட்டும், அதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும், முதல் நாள் நடுங்கும்.

லிப்ஸ்டிக்கில் வெளிர் பிங்க்கை எடுக்காதீர்கள், உதடு செத்துப்போய்த் தெரியும். செங்கல் நிறமோ மரூனோ நமக்கு உட்காரும். அதே லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்னத்து மேட்டில் தட்டி மேல்நோக்கித் தேய்த்துவிட்டால் ரூஜ் செலவும் மிச்சம். கடைசியில் ஒட்டுப்பொட்டு. பொட்டு வைத்த பிறகுதான் எனக்குக் கண்ணாடியில் ஆள் மாறியது. அதுவரை மேக்கப் போட்ட நான்தான் இருந்தேன்.

கலைப்பது

இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நான் முதல் தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "என்ன ப்ரோ, கண்ணுல மை?" என்றார். கண் வலி என்றேன். அன்று முழுவதும் எல்லோரும் என்னிடமிருந்து இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, மூடிய கண் மேல் அரை நிமிடம் சும்மா வைத்திருங்கள், மை கரையும். பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இமை வேரில் ஒட்டியதைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் எண்ணெய் தொட்டு எடுங்கள். முகத்துக்கும் அதே எண்ணெய், அப்புறம் ஃபேஸ்வாஷ் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். பரு வருகிற முகம் என்றால் எண்ணெயை விட்டுவிட்டு மேக்கப் கலைக்கும் மைசெல்லார் வாட்டர் வாங்குங்கள்.

ஸ்பாஞ்சை ஈரத்தோடு டப்பாவில் போட்டு ஒளித்து வைக்காதீர்கள். பத்தே நாளில் என்னுடையதில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பூத்துவிட்டது. சோப்பு போட்டுப் பிசைந்து கழுவி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். நான் சமையல் மேடை ஜன்னலில் வைக்கிறேன். போன வாரம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா அதைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"பாத்திரம் தேய்க்கிறதா தம்பி? இத்தனூண்டு இருக்கே."

"டம்ளருக்கும்மா" என்றேன்.