ஊராட்சிக் கணக்கைக் கேட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

"எங்கள் ஊர் சிமென்ட் சாலையில் எவ்வளவு ஊழல் நடந்திருக்கிறது?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி ஒரு தகவல் அலுவலகத்தில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும். எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பதில் சட்டப்படி சரிதான். 2005ஆம் ஆண்டுச் சட்டம், இருக்கிற ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. "ஏன்", "எதற்கு" என்பதற்கெல்லாம் விளக்கம் எழுதச் சொல்லவில்லை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, பில், வவுச்சர். முக்கியமாக, முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கிற அளவுப் புத்தகம். அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள்.

விஷயமே அந்த எம் புக்கில்தான் இருக்கிறது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று அதில் எழுதியிருந்தால், 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். கை வைக்கத் தோதான இடம் கனம்தான். அது 10 சென்டிமீட்டராக இருந்தால் 15 கன மீட்டர் தரைக்கு வரவே இல்லை, மூன்றில் ஒரு பங்கு! ஆனால் ஓரத்தை மட்டும் அளந்துவிட்டுக் கத்தாதீர்கள்; ஓரத்தில் இருக்கிற கனம்தான் நடுவிலும் என்று சொல்ல முடியாது. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. அதைக் கேட்டு எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

பத்து வருடக் கணக்கையும் மொத்தமாகக் கேட்பது அடுத்த தவறு. அலுவலகத்தின் உழைப்பெல்லாம் இதற்கே போய்விடும் என்று பிரிவு 7(9)ஐக் காட்டி இழுத்தடிக்க நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு வேலை, ஒரு நிதியாண்டு போதும். எதற்காகக் கேட்கிறோம் என்று இரண்டு பக்கம் புலம்பவும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது பிரிவு 6(2).

மொட்டைக் கடுதாசியும் வேண்டாம். அதைவிட ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து நின்று, தணிக்கை அறிக்கையில் எந்தெந்தத் தடைகள், அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்கள், இன்னும் நிலுவையில் இருக்கின்றன என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். 'கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கிறோம்' என்றால் போடாதீர்கள். எதற்குப் போட்டோம் என்று பிறகு நமக்கே தெரியாது.

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வராவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பதில் தருவதற்கான 30 நாள் கெடு முடிந்ததும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அங்கேயும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டித் தருகிற நகலுக்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். பிரிவு 7(6)இன்படி அது இலவசம்.