மாதிரி ரயில் பெட்டிகளில் டெக்கால் ஒட்டும் முறை

மாதிரி சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள எண்களும் எழுத்துகளும் டெக்கால்கள், அதாவது நீரில் நனைத்துத் தாளிலிருந்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய அச்சுப் படலங்கள்; அவை தனியே ஒட்டப்பட்டவை என்று கண்ணுக்குத் தெரியவே கூடாது. அவற்றைச் சுற்றி வெள்ளி நிற மங்கல் தோன்றினால், பெரும்பாலும் பிழை ஒட்டிய கையில் இல்லை, ஒட்டப்பட்ட பரப்பில் இருக்கிறது. பளபளப்பற்ற மேட் பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ள, அந்தக் காற்றே ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தெரிகிறது.

ஆகவே வேலையின் பெரும்பகுதி டெக்கால் தண்ணீரைத் தொடுமுன்பே முடிந்துவிடுகிறது என்பேன். பெட்டியில் கைப்பிசுக்கு இல்லாதபடி கழுவி உலர்த்தி, பளபளப்பான நிறமற்ற வார்னிஷை மெல்லியதாக இருமுறை பூசி, ஒரு முழு நாளாவது காய விடுங்கள்; அரைகுறையாகக் காய்ந்த வார்னிஷைப் பின்னர் தடவும் திரவம் கெடுத்துவிடும்.

எழுத்தின் விளிம்புக்கு மிக அருகில் டெக்காலைக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் நனைத்து, ஈரமான தாளின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே மிதக்கவிட்டால் அடியிலுள்ள பசை கரைந்து போய்விடும். டெக்கால் தாளிலிருந்து தானாக நகரத் தொடங்கியதும், ஒட்ட வேண்டிய இடத்தில், டெக்கால் நன்கு பிடிக்க உதவும் மைக்ரோ செட் போன்ற திரவத்தைத் தடவி, மென்மையான தூரிகையால் டெக்காலைத் தாளிலிருந்து பெட்டிக்கு நேரடியாக வழுக்கி இறக்குங்கள். உண்மைப் பெட்டியின் புகைப்படத்தை அருகில் வைத்து நேர்பாருங்கள்: 1:87 விகிதமுள்ள எச்ஓ அளவில் 1 மி.மீ. விலகல், உண்மைப் பெட்டியில் 8.7 செ.மீ. விலகலாகும்.

இடம் சரியானதும் துணியின் நுனியால் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவத்தைத் தடவுங்கள். டெக்கால் உடனே சுருங்கிக் கசங்கியது போலத் தோன்றும். புதியவர்கள் பதறி விரல் வைத்துக் கிழித்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தொடாமல் விட்டால், காயும்போது அது தானே படிந்து, ரிவெட்டுகளின் மேலும் அவற்றைச் சுற்றியும் தோல்போல ஒட்டிக்கொள்ளும். மரப்பலகைப் பெட்டிகளில் மட்டும் சற்றுக் கூடுதல் உழைப்பு தேவை: காய்ந்தபின் பலகை இடுக்குகள் வழியே புதிய பிளேடால் மெதுவாகக் கீறி, மீண்டும் திரவம் விட வேண்டும். குமிழி எஞ்சியிருந்தால் ஊசியால் குத்தி அவ்வாறே செய்யலாம். இரண்டு மூன்று முறை தேவைப்படுவது இயல்பே.

பழைய டெக்கால் நீரில் துண்டு துண்டாக உடையக்கூடும் என்பதால், தேவையில்லாத ஓர் எழுத்தை முதலில் நனைத்துப் பாருங்கள்; உடைந்தால், மீதித் தாள் முழுவதற்கும் நிறமற்ற வார்னிஷ் தெளித்துக் காயவைத்த பிறகே கத்தரியுங்கள்.

மறுநாள், ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்துக் காயவைத்து, மேட் வார்னிஷை மெல்லியதாகத் தெளித்தால், டெக்காலின் விளிம்பு பெட்டியின் நிறத்தோடு ஒன்றி மறைந்துவிடும்.