தரவுத்தள இணைப்பு தடைபடும்போது செய்யக் கூடாதவை

செயலி தரவுத்தளத்துடன் இணைய மறுக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் திறப்பது கிளவுட் கன்சோலில் உள்ள செக்யூரிட்டி குரூப் (எந்தப் போக்குவரத்தை விடலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகள்) பக்கத்தைத்தான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாகக் கேட்கும் 5432 போர்ட்டை, எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவிட்டுப் பார்ப்பார்கள். இணைப்பு வந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள்; வராவிட்டால் அடுத்ததாக, பாதைகளைச் சொல்லும் ரூட் டேபிளில் கை வைப்பார்கள். ஒரு மணி நேரம் கழிந்தபின், முதலில் இருந்த ஒரு பிழையோடு தாங்களே உண்டாக்கிய மூன்று பிழைகளும் சேர்ந்திருக்கும். பாக்கெட் (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு) எந்த இடத்தில் நின்றது என்பதை அறியாமல் எந்த விதியையும் மாற்றக் கூடாது என்பதே நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. எடுத்துக்காட்டுக்கு ஏ.டபிள்யூ.எஸ். தளத்தின் வி.பி.சி. என்ற தனி நெட்வொர்க்கையும், அதன் பிரைவேட் சப்நெட்டில் (இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாத உட்பிரிவில்) இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தவறு, பிழைச்செய்தியைப் படிக்காமல் விடுவது. ‘டைம்அவுட்’ என்று வந்தால் பாக்கெட் வழியில் எங்கோ சத்தமில்லாமல் கைவிடப்பட்டிருக்கிறது அல்லது அதற்கான பதில் திரும்பி வரவில்லை. செக்யூரிட்டி குரூப், சப்நெட்டின் வாசலில் நிற்கும் விதிப்பட்டியலான நெட்வொர்க் ஏ.சி.எல்., ரூட் டேபிள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால் பெரும்பாலும் பாக்கெட் அந்தக் கணினி வரை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. நாமே நிறுவிய போஸ்ட்கிரெஸ் என்றால் எந்த முகவரிகளில் கேட்பது என்று சொல்லும் ‘லிசன் அட்ரஸஸ்’ அமைப்பு இயல்புநிலையில் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெயரையே முகவரியாக மாற்ற முடியவில்லை என்று வந்தால் அது டி.என்.எஸ். சிக்கல், ஃபயர்வாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தரவுத்தளமே வாய்திறந்து ஏதாவது சொன்னால், அது கடவுச்சொல் தவறு என்பதாகவே இருந்தாலும், நெட்வொர்க் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

கடைசியாகச் சொன்ன வகையில் ஒரு செய்தி பலரை வழி தவறச் செய்கிறது. குறிப்பிட்ட ஐ.பி. முகவரிக்கும் பயனருக்கும் ‘பி.ஜி. ஹெச்.பி.ஏ. கோப்பில் (யார் எங்கிருந்து இணையலாம் என்ற பட்டியலில்) பதிவு இல்லை’ என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும்போது, அதில் தம் ஐ.பி.யைக் கண்டதும் அது தடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணி செக்யூரிட்டி குரூப்புக்கு ஓடுகிறார்கள். அந்த வரியின் வாலில் ‘நோ என்க்ரிப்ஷன்’ என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏ.டபிள்யூ.எஸ். தளத்தின் தரவுத்தளச் சேவையான ஆர்.டி.எஸ்.ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் மறையாக்கம் செய்த இணைப்பு இயல்பாகவே கட்டாயம். பழைய பதிப்பிலிருந்து மாறியவர்களின் செயலி மறையாக்கம் இல்லாமல் கதவைத் தட்டினால் இந்தச் செய்திதான் வரும். இணைப்பு அமைப்பில் எஸ்.எஸ்.எல். என்ற மறையாக்கப் பயன்முறையை இயக்கினால் போதும், எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது, தவறான இடத்திலிருந்து சோதிப்பது. மடிக்கணினியிலிருந்து இணைய முடியவில்லை என்பது பிரைவேட் சப்நெட்டின் குற்றமன்று. அது அப்படித்தான் இருக்க வேண்டும். செயலி ஒரு கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து இயங்கும் உறைக்குள்) ஓடுகிறதென்றால் அந்தக் கன்டெய்னருக்குள் நுழைந்து, தரவுத்தளத்தின் பெயர் எந்த முகவரியாக மாறுகிறது என்பதை டிக் கருவியாலும், போர்ட் திறந்திருக்கிறதா என்பதை நெட்கேட் கருவியாலும் பார்க்க வேண்டும். பிங் அனுப்பிப் பதில் வராததை வைத்து முடிவுக்கு வருவதும் இதே வகைத் தவறுதான். பிங் ஐ.சி.எம்.பி. வழியே போவது, தரவுத்தளம் டி.சி.பி. வழியே பேசுவது, ஒன்றை அனுமதித்து மற்றதை மறுப்பது மிகச் சாதாரணம்.

பெயர் எந்த முகவரியாக மாறுகிறது என்பதை அலட்சியம் செய்யக் கூடாது. பொது அணுகல் இயக்கப்பட்ட ஆர்.டி.எஸ். தரவுத்தளத்தின் பெயர் வி.பி.சி.க்குள் கேட்டால் தனி முகவரியாகவும், வெளியே கேட்டால் பொது முகவரியாகவும் மாறும். யாரோ ஒருவர் பொது முகவரியை அமைப்புக் கோப்பில் நேரடியாக எழுதி வைத்திருந்தால், ‘செயலியின் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து வருவதை அனுமதி’ என்ற விதி அதற்குப் பொருந்தாது, ஏனெனில் குழுவைச் சுட்டும் விதி தனி முகவரிகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. விதி கண்ணெதிரே சரியாக இருக்கும், இணைப்பு மட்டும் வராது.

இனி வருவது, என் அனுபவத்தில் அதிக நேரத்தைத் தின்னும் தவறு: போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியை மறப்பது. செக்யூரிட்டி குரூப் நினைவாற்றல் உள்ளது. உள்ளே விட்ட இணைப்பின் பதிலைத் தானே வெளியே விட்டுவிடும். நெட்வொர்க் ஏ.சி.எல்.லுக்கு அந்த நினைவு கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் முன்பின் தெரியாத ஆளைப் போலவே விசாரிக்கும். செயலி 10.0.1.25 என்ற முகவரியில் 41873 போர்ட்டிலிருந்து கிளம்பி, 10.0.2.40 முகவரியின் 5432 போர்ட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் 5432இலிருந்து 41873க்கு வர வேண்டும். ஆகவே தரவுத்தள சப்நெட்டின் வெளிச்செல்லும் விதியிலும், செயலி சப்நெட்டின் உள்வரும் விதியிலும் தற்காலிகப் போர்ட்டுகள் (41873 போல, இணைப்பைத் தொடங்கும் பக்கம் அவ்வப்போது எடுத்துக்கொள்பவை) திறந்திருக்க வேண்டும். 5432ஐ மட்டும் இரு திசையிலும் திறந்துவைத்துவிட்டு டைம்அவுட் ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் ஏராளம்.

இதைவிடக் குழப்பமான வடிவமும் உண்டு. ஒருமுறை எங்கள் குழுவில் பத்து இணைப்புகளில் ஏறத்தாழ நான்கு வெற்றி பெற்றன, மற்றவை டைம்அவுட் ஆயின. தரவுத்தளம் சுமை தாங்காமல் திணறுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டி, அதைப் பெரிய அளவுக்கு மாற்றியும் பார்த்தோம். விஷயம் வேறு. யாரோ ஏ.சி.எல்.லில் திரும்பும் பாக்கெட்டுகளுக்கு 49152 முதல் 65535 வரை திறந்திருந்தார்கள். அது விண்டோஸ் பயன்படுத்தும் வரம்பு. எங்கள் செயலி லினக்ஸில் ஓடியது. அதன் வழக்கமான வரம்பு 32768 முதல் 60999 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதி லினக்ஸ் வரம்பில் சுமார் 42 சதவீதம். எந்தப் போர்ட் வாய்க்கிறதோ அதற்கேற்ப இணைப்பு வாழ்ந்தது அல்லது செத்தது. வெற்றி விகிதம் நாள் முழுக்க மாறாமல் ஒரே அளவில் இருந்ததே துப்பு. சுமையால் வரும் தோல்வி அப்படி இருக்காது.

இத்தகைய இடங்களில் வி.பி.சி. ஃப்ளோ லாக் என்ற போக்குவரத்துப் பதிவேடு உண்மையைச் சொல்லும்: போகும் பாக்கெட்டுக்கு ‘அக்செப்ட்’, திரும்பும் பாக்கெட்டுக்கு ‘ரிஜெக்ட்’ என்று இரண்டு வரிகள் இருந்தால் ஏ.சி.எல்.தான் காரணம். ஆனால் அது நேரலை அன்று. இயல்புநிலையில் பத்து நிமிடத் தரவைத் திரட்டியே பதிவு செய்கிறது. ஒரு நிமிடமாகக் குறைக்கலாம். சோதித்த கையோடு லாக்கைத் திறந்து, ஒன்றும் இல்லை, ஆகவே பாக்கெட் வரவே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பாக்கெட் உண்மையிலேயே கணினியை விட்டு வெளியே வராத சந்தர்ப்பமும் இருக்கிறது. கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் மென்பொருளை நிறுவிய கணினியில் 172.17.0.0/16 என்ற முகவரி வரம்பு இயல்பாக அதன் உள் பிரிட்ஜுக்கு (கன்டெய்னர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்குக்கு) ஒதுக்கப்படுகிறது. தரவுத்தளம் இருக்கும் நெட்வொர்க்கும் அதே வரம்பில் அமைந்துவிட்டால், 172.17.4.9க்குப் போக வேண்டிய பாக்கெட் கணினிக்குள்ளேயே டாக்கர் பிரிட்ஜுக்குப் போய் முட்டி நிற்கும். ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று பதில் வரும். கன்சோலில் எல்லா விதிகளும் பச்சையாக இருக்க, பாதையைக் கணினியிடமே ‘ஐ.பி. ரூட் கெட்’ கட்டளையால் கேட்பவருக்கு மட்டுமே இது பிடிபடும்.

இரண்டு வி.பி.சி.களைப் பியரிங் மூலம் இணைத்தவர்கள் ரூட் டேபிளை ஒரு பக்கம் மட்டும் எழுதுவது வழக்கமான மறதி. இரு பக்கமும் எழுத வேண்டும். ‘அ’வும் ‘ஆ’வும் இணைந்து, ‘ஆ’வும் ‘இ’யும் இணைந்திருந்தால் ‘அ’விலிருந்து ‘இ’க்குப் போக முடியும் என்று எண்ணுவதும் தவறு. பியரிங் அப்படிக் கை மாற்றிக் கொடுக்காது.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் தளமான அஷூரின் எஸ்.க்யூ.எல். தரவுத்தளச் சேவைக்கு அஷூருக்குள்ளிருந்தே இணைபவர்கள் 1433 போர்ட்டை மட்டும் திறந்துவிட்டுத் திகைப்பதுண்டு. அங்கே இயல்பான முறையில் முதல் பேச்சு 1433இல் நடந்து, பிறகு 11000 முதல் 11999 வரையிலான போர்ட்டுகளில் ஒன்றுக்கு இணைப்பு திருப்பி விடப்படுகிறது. வெளிச்செல்லும் விதியில் அவையும் திறந்திருக்க வேண்டும்.

பகலெல்லாம் நன்றாக ஓடி, காலையில் வரும் முதல் கோரிக்கை மட்டும் தோற்றால் அதை ஃபயர்வால் தடை என்று எண்ணக் கூடாது. ஏ.டபிள்யூ.எஸ். தளத்தில் இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் நெட்வொர்க் லோட் பேலன்சரும், பிரைவேட் சப்நெட்டிலிருந்து வெளியே செல்ல வழிவிடும் நாட் கேட்வேயும் இயல்பாக 350 வினாடி சும்மா கிடக்கும் இணைப்பை மறந்துவிடும். லினக்ஸோ, கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கேட்கப்பட்ட இணைப்பில்கூட முதல் சோதனையை 7200 வினாடி கழித்தே அனுப்பும். இடைப்பட்ட நேரத்தில் செயலியின் இணைப்புத் தொகுப்பு (மீண்டும் பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் கிடங்கு) செத்த இணைப்புகளை உயிருள்ளவை என்று நம்பிக் கையில் வைத்திருக்கும். கீப்அலைவை 350க்குக் கீழே குறைப்பதே மருந்து.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு பொறி. ஒரே கணினியிலிருந்து வரும் இணைப்புகள் கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்க அறிமுகம்) முடியாமல் தொடர்ந்து 100 முறை அறுந்தால் அது அந்தக் கணினியையே தடுத்துவிடும். சேவை உயிரோடு இருக்கிறதா என்று போர்ட்டைத் தொட்டுவிட்டு ஓடும் ஹெல்த் செக்குகள் இதைச் செய்யவல்லவை. தடை தரவுத்தளத்துக்குள் இருக்கிறது என்பதைச் செய்தியே சொல்கிறது. தரவுத்தளத்தை ரீஸ்டார்ட் செய்தால் தடை நீங்கும், கூடவே காரணம் பதிவாகியிருந்த ‘ஹோஸ்ட் கேஷ்’ அட்டவணையும் காலியாகும்.

இறுதியாக, சோதனைக்காகத் திறந்ததை மூடும்போது நேரும் தவறு. ஏ.டபிள்யூ.எஸ். செக்யூரிட்டி குரூப்பில் 10.0.0.0/8 போன்ற வரம்புக்குத் திறந்த விதியை நீக்கினால், ஏற்கெனவே நிலைத்த இணைப்புகள் கண்காணிப்பில் (செக்யூரிட்டி குரூப்பின் நினைவில்) இருப்பதால் உடனே அறுவதில்லை. 0.0.0.0/0 என்று திறந்து, வெளிச்செல்லும் திசையிலும் எல்லாவற்றையும் அனுமதித்திருந்தால் அவை கண்காணிக்கப்படுவதில்லை. நீக்கிய கணமே அறுந்துவிடும். பின்னது பயமுறுத்தினாலும் உண்மையை உடனே சொல்லிவிடுகிறது. முன்னதில் விதியை நீக்கிவிட்டு, செயலி ஓடுகிறதே என்று திருப்தியோடு வீட்டுக்குப் போனால், இரவு இரண்டு மணிக்கு இணைப்புத் தொகுப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதுதான் தொலைபேசி ஒலிக்கும். எனவே விதியை நீக்கியதும் நெட்கேட்டால் புதிய இணைப்பு ஒன்றைச் செயலியின் கணினியிலிருந்தே முயன்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.