தோட்டத்துக் குறும்பாதை ரயில்: அமைத்தலும் ஓட்டுதலும்

வடக்கு வேல்ஸில் பிளைனாய் ஃபெஸ்டினியோக் மலைப்பகுதியின் குவாரிகளிலிருந்து போர்த்மடோக் துறைமுகத்துக்குச் சிலேட்டுக் கற்களைக் கொண்டுவருவதற்காக 1836இல் திறக்கப்பட்ட பாதையின் நீளம் சுமார் 13½ மைல். அதன் இரு தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியோ வெறும் 597 மி.மீ., அதாவது இரண்டடிக்குச் சற்றே குறைவு. தொடக்கத்தில் சிலேட்டு ஏற்றிய பெட்டிகள் சரிவில் தாமாகவே இறங்கிவர, காலிப் பெட்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் சென்றன. நீராவி எஞ்சின்கள் 1863இல்தான் வந்து சேர்ந்தன. நேரோ கேஜ் எனப்படும் இத்தகைய குறும்பாதைகளைத் தோட்டத்தில் சிறிய அளவில் மீண்டும் உருவாக்குவது பிரிட்டனில் வேரூன்றிய ஒரு பொழுதுபோக்கு. உண்மையான நெருப்பு, நீர், நீராவி ஆகியவற்றால் ஓடும் சிறு எஞ்சின்களைக் கொண்டு அப்படி ஒரு பாதையை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு ஓட்டுவது, பிறகு அதை எவ்வாறு நம்முடையதாக்குவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு. ஓர் அடிக்கு 16 மி.மீ. என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ 19இல் ஒரு பங்காகச் சுருக்கினால், இரண்டடிப் பாதை 32 மி.மீ. அகலமாகிறது. மற்றொன்று 45 மி.மீ. பாதை, ஜெர்மனியின் எல்.ஜி.பி. நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய இந்த வகையில் சுருக்க விகிதம் 1:22.5 என்பதால், அது மீட்டர் கேஜைக் குறிக்கிறது. ஆகவே நீலகிரி மலை ரயிலைத் தோட்டத்தில் காண விரும்புபவர் 45 மி.மீ. பாதையையும், 1881இல் தொடங்கிய இரண்டடி அகல டார்ஜிலிங் ரயிலை விரும்புபவர் 32 மி.மீ. பாதையையும் தேர்ந்தெடுப்பது இயல்பு. கீழே சொல்பவை பெரும்பாலும் 32 மி.மீ. பாதையை மனத்தில் கொண்டவை.

எஞ்சின் வாங்குவதற்கு முன் பாதையைப் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, விலை உயர்ந்த எஞ்சினை மேடுபள்ளமான பாதையில் விட்டு, அது தடம்புரள்வதைக் கண்டு எஞ்சினையே குறை சொல்கிறார்கள். தோட்டத்தை அளந்து, தாளில் வரைந்து, பின்பு நீளமான தண்ணீர்க் குழாயைப் புல்மீது வளைத்துப் போட்டு, பாதை எங்கே செல்லும் என்பதை ஒரு வாரமாவது பார்த்துப் பழகுங்கள். மிகச் சிறிய எஞ்சின்கள் இரண்டடி ஆரமுள்ள வளைவிலும் திரும்பிவிடும். ஆனால் பெரிய எஞ்சின்களுக்கும் நீண்ட பெட்டிகளுக்கும் நான்கடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் ஆரம் இருந்தால்தான் ஓட்டம் சீராகவும் பார்வைக்கு நம்பும்படியாகவும் இருக்கும். அப்படி ஒரு முழு வட்டத்துக்குக் குறுக்கே 2.4 மீட்டர் இடமும், ஓரங்களுக்குச் சற்றுக் கூடுதலும் தேவை.

சரிவைப் பொறுத்தவரை, கையால் திருகி வேகத்தை நிர்ணயிக்கும் எஞ்சினுக்குச் சமதளமே சிறந்தது; ஏற்றத்தில் நின்றுவிடும் அதே எஞ்சின் இறக்கத்தில் பாய்ந்தோடும். தவிர்க்கவே முடியாவிட்டால் நூறுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. என்ற எல்லையைத் தாண்டாதீர்கள். தோட்டமே சரிவாக இருந்தால், ஒரு முனையில் தரையோடும் மறுமுனையில் தூண்கள் மீதும் பாதை செல்லட்டும். இதில் வேறொரு நன்மையும் உண்டு: இடுப்பளவு உயரத்தில் ஓரிடம் அமைந்தால், எஞ்சினுக்கு எண்ணெய் விடவும் பற்றவைக்கவும் மண்டியிட வேண்டியதில்லை.

அடித்தளத்துக்கு இரண்டு வழிகள் நன்கு பயன்பட்டவை. தரையோடு செல்லும் இடத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் குழி தோண்டி, உடைகல்லைக் கொட்டி இடித்து, அதன்மேல் கான்கிரீட் கட்டைகளையோ மெல்லிய கான்கிரீட் பட்டையையோ அமைக்கலாம். உயரத்தில் செல்லும் இடத்தில் மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகைகளைத் தூண்கள் மீது பொருத்தலாம். மரப்பலகை மலிவு, ஆனால் ஈரமான நாட்டில் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். எதைப் போட்டாலும் நீர் தேங்காமல் வடிய வழி இருக்க வேண்டும். தேங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து அடித்தளத்தையே தூக்கிவிடும். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பார்ப்பதைவிட, இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்ப்பது முக்கியம். நீளவாக்கில் சிறு ஏற்ற இறக்கத்தைச் சக்கரங்கள் பொறுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தாழ்ந்து உடனே மறுபக்கம் தாழும் முறுக்கலைப் பொறுத்துக்கொள்ளா.

தண்டவாளத்தைப் பலகையோடு இறுக்கிவிடக் கூடாது. நிக்கல் சில்வர் தண்டவாளம் பத்து மீட்டர் நீளத்தில், குளிருக்கும் வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், சுமார் 5 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கு இடம் இல்லையென்றால் பாதை பக்கவாட்டில் பாம்புபோல் நெளிந்துவிடும். என் முதல் பாதை ஒரு ஜூலை நண்பகலில் இப்படித்தான் கெட்டது. ஒரு கெஜ நீளத் துண்டுகளுக்கு இடையே, குளிர்ந்த நாளில் போடுவதானால், ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டு, திருகாணிகளை முழுவதும் இறுக்காமல் விட்டால் போதும். பிறகு 2 முதல் 4 மி.மீ. வரையுள்ள கருங்கல் பொடியைக் குறுக்குக் கட்டைகளுக்கு இடையே நிரப்புங்கள். சிலர் அதில் சிறிது சிமெண்டைக் கலந்து பூவாளியால் நீர் தெளித்து இறுக்குகிறார்கள்; ஓராண்டு ஓட்டிப் பார்த்துக் குறைகளைத் திருத்திய பிறகே அதைச் செய்வது நல்லது. வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுகளின் நகரும் நாக்குகளைச் சுற்றி மட்டும் கல்லே வேண்டாம். ஒரு சிறு கல் சிக்கினாலும் வண்டி கவிழும்.

மின்சாரத்தைத் தண்டவாளத்தின் வழியே செலுத்தும் முறை வீட்டுக்குள் பொருத்தமானது. வெளியே இலை, சேறு, நத்தையின் சளி, உலோகக் களிம்பு ஆகியவை மின்தொடர்பைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி எஞ்சினுக்கும் நீராவி எஞ்சினுக்கும் இந்தத் தொல்லை இல்லை. சிறு துடைப்பத்தால் ஒருமுறை கூட்டிவிட்டால் வண்டி ஓடத் தயார்.

நீராவி எஞ்சினைக் கிளப்பும் முறை ஒரு சடங்குபோல் எப்போதும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். அச்சு, இணைப்புக் கம்பி, வால்வு இயக்கம் என நகரும் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அடுத்து மசகுக் கலம். கொதிகலனிலிருந்து வரும் நீராவி அதற்குள் குளிர்ந்து நீராகிக் கீழே தங்கும்போது, மேலே மிதக்கும் கெட்டியான நீராவி எண்ணெய் சிறிது சிறிதாகத் தள்ளப்பட்டுச் சிலிண்டருக்குள் செல்கிறது. ஆகையால் முந்தைய ஓட்டத்தில் சேர்ந்த நீரை முதலில் வெளியேற்றிவிட்டுப் புதிய எண்ணெயை நிரப்ப வேண்டும். இதை மறந்தால் சிலிண்டர் வறண்டு தேயும். கொதிகலனுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. லண்டன் பகுதியைப் போலச் சுண்ணாம்புப் பாறை நீர் வரும் இடங்களில் குழாய் நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். நீர் விரிவடையவும் நீராவி சேரவும் மேலே இடம் வேண்டும் என்பதால், விளிம்பு வரை நிரப்பிய பின் தயாரிப்பாளர் சொன்ன அளவை, பெரும்பாலும் 30 மி.லி. அளவில், சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கொதிகலனைச் சூடாக்கும் எரிபொருளான பியூட்டேன் வாயுவைக் கடைசியாக, எந்த நெருப்புக்கும் அருகில் இல்லாமல் நிரப்பி, கசிந்த வாயு கலைந்த பிறகே பற்றவையுங்கள். வாயு வால்வைச் சிறிதளவே திறந்து, புகைபோக்கியின் வாயில் நெருப்பைக் காட்டினால், மெல்லிய 'பொப்' ஒலியுடன் சுடர் உள்ளே போய் அமரும். ஊளையிடும் ஒலி கேட்டால் வாயு அதிகம் என்று பொருள். பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ உறைநிலையே என்பதால், குளிர்காலத்தில் வாயு அழுத்தம் குன்றிவிடும். புரோப்பேன் கலந்த வாயு அப்போது கைகொடுக்கும்.

பல எஞ்சின்கள் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்பவை. அழுத்தமானியின் ஊசி அந்த அளவை நெருங்கும்போது பாதுகாப்பு வால்வு சீறுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்கள் குளிர்ந்திருப்பதால் முதலில் செல்லும் நீராவி அவற்றுள் நீராகிவிடும். எஞ்சினைச் சில அடி தூரம் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி அந்த நீரைத் துப்ப வைத்த பிறகே பெட்டிகளை இணைக்க வேண்டும். அதன்பின் அழகு வேகக் குறைவில்தான் இருக்கிறது. உண்மையான குறும்பாதை ரயில் மணிக்கு 15 மைல் வேகத்தில் ஊர்வதாகக் கொண்டால், நம் அளவில் அது விநாடிக்குச் சுமார் 35 செ.மீ.; பத்து மீட்டர் பாதையைக் கடக்க அரை நிமிடம் ஆக வேண்டும். கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தால், பெரும்பாலோர் இதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓட்டுவது தெரியும்.

சில மாதங்கள் ஓட்டிய பிறகு, எதை மாற்ற வேண்டும் என்பதைப் பாதையே சொல்லிவிடும். கைக்கட்டுப்பாடு போதவில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கருவியைப் பொருத்தி, சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பும் சிறு சர்வோ மோட்டார் ஒன்றை, சிலிண்டருக்குச் செல்லும் நீராவியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் மற்றொன்றை முன்பின் மாற்றும் நெம்புகோலுக்கும் இணைக்கலாம். சரிவுள்ள பாதைக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை. பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றி, எல்லா இணைப்புக் கொக்கிகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. வண்ணம் பூசுவதாக இருந்தால், பித்தளைப் பரப்பின் எண்ணெய்ப் பிசுக்கை முற்றிலும் நீக்கி, உலோகத்தை அரித்துப் பற்றும் எட்ச் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்; கொதிகலனின் முன்முனையில், புகைபோக்கிக்கு அடியில் உள்ள புகைப்பெட்டிக்கு வெப்பம் தாங்கும் பெயிண்ட் தனியாகத் தேவை. ஓட்டுநர் பொம்மையின் உயரம் 9 செ.மீ. இருக்கலாம், ஐந்தடி எட்டங்குல மனிதருக்கு அதுவே சரியான அளவு. பற்றவைக்கும்போது எடுத்துவிட வசதியாக அதன் காலடியில் சிறு காந்தத்தைப் பதியுங்கள்.

செடிகளும் அளவோடு பொருந்த வேண்டும். சிறிய இலைகளைக் கொண்ட தைம் என்னும் மூலிகைச் செடி, குட்டை ஊசியிலை மரங்கள் ஆகியவை 1:19 அளவில் புதர்களாகவும் மரங்களாகவும் நம்பும்படி தோன்றும். மூங்கில் வேண்டாம், அதன் வேர் அடித்தளத்தைப் பிளந்துவிடும்.

சுமை ஏற்றும்போது உண்மையான சிலேட்டையே பயன்படுத்துங்கள். வேல்ஸ் கூரைச் சிலேட்டுகளுக்குப் பிரபுக்குலப் பெண்களின் பட்டங்களால் அளவுப் பெயர்கள் உண்டு: 'டச்சஸ்' 24×12 அங்குலம், 'கவுண்டஸ்' 20×10 அங்குலம். நம் கணக்கில் டச்சஸ் 32×16 மி.மீ. ஆகும். பழைய கூரையிலிருந்து விழுந்த ஒரு துண்டை மெல்லியதாகப் பிளந்து, அந்த அளவில் வெட்டி, கிடையாக அல்லாமல் அன்றைய தொழிலாளர்கள் செய்ததுபோல் விளிம்பில் நிறுத்தி நெருக்கமாக அடுக்குங்கள்.