கேமிங் கம்ப்யூட்டருக்கு உயர்ரக மதர்போர்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்திலிருந்து கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள், பிராசசர் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்பதை யூடியூப் பார்த்துத் தெளிவாக முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். மதர்போர்டு என்று வந்துவிட்டால் மட்டும், "அண்ணே, இருக்கிறதிலேயே விலை கூடினதைச் சொல்லுங்க, அதையே போட்டுருவோம்" என்கிறார்கள். பல வீடுகளில் அது வளைகுடாவில் இருக்கும் அப்பா அனுப்பிய பணம். அது சரியான பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம் மூன்றும் ஒன்றாக இருந்தால், 20 ஆயிரம் ரூபாய் போர்டிலும் 60 ஆயிரம் ரூபாய் போர்டிலும் கேமின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதல் பணம் போவது பவர் சர்க்யூட், எஸ்எஸ்டி சொருகும் இடங்கள், பின்பக்கப் போர்ட்டுகள், பழுது பார்க்க உதவும் வசதிகள் ஆகியவற்றுக்கு. இவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்தால் விலை தானாக முடிவாகிவிடும்.

படி 1: தாளில் எழுதுங்கள்

என்ன பிராசசர், என்ன கிராபிக்ஸ் கார்டு, எத்தனை எஸ்எஸ்டி, என்ன கேபினெட், இன்டர்நெட் கேபிளிலா வைஃபையிலா. இந்த ஐந்தும் போதும். கேம் ஆடுவதோடு வீடியோ எடிட்டிங்கும் செய்வீர்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எஸ்எஸ்டி கணக்கு அங்கேதான் மாறும்.

படி 2: சாக்கெட்

பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டி ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. ஒன்றுக்கு உரியது இன்னொன்றில் உட்காராது.

விலை உயர்ந்த போர்டு வாங்குகிறவர் அதைப் பல வருடம் வைத்திருக்கத்தான் வாங்குகிறார். அதனால் சாக்கெட்டின் ஆயுளையும் பாருங்கள். 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில், தொடக்க காலப் போர்டுகள் பலவற்றில் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யைப் போட முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5-க்கும் குறைந்தது 2027 வரை ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலுக்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை சாக்கெட்டை மாற்றும் வழக்கம். கேமுக்கென்றே புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு இன்றைக்கு நான் ஏஎம்5-ஐத்தான் சொல்வேன்.

படி 3: சிப்செட்

எஸ்எஸ்டி, யூஎஸ்பி போன்றவற்றைப் பிராசசரோடு இணைக்கும் துணைச் சிப்தான் சிப்செட். ஏஎம்5-இல் எக்ஸ்870இ, எக்ஸ்870, பி850, பி650 என்று போகும். இன்டெல் 1851-இல் இசட்890, பி860. எக்ஸ்870 என்பது ஒரே சிப். எக்ஸ்870இ-யில் அதே வகைச் சிப் இரண்டு. அதனால் எஸ்எஸ்டிக்கும் யூஎஸ்பிக்கும் கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டிலும் யூஎஸ்பி4 கட்டாயம், கிராபிக்ஸ் கார்டுக்குப் பிசிஐஇ 5.0 (கார்டும் எஸ்எஸ்டியும் பிராசசரோடு பேசும் பாதையின் ஐந்தாம் தலைமுறை) கட்டாயம். ஒரு கிராபிக்ஸ் கார்டும் இரண்டு எஸ்எஸ்டியும் போதும் என்பவருக்கு நல்ல பி850 போர்டே நிறைவாக இருக்கும். இன்டெலில் பிராசசரை ஓவர்க்ளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) ஆசை இருந்தால் இசட் வரிசைதான் வேண்டும்.

படி 4: பவர் சர்க்யூட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

விளம்பரம் அதிகம் விளையாடும் இடம் இது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளை) வருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது சுமார் 1.2 வோல்ட். அப்படி இறக்கிக் கொடுக்கும் சர்க்யூட்டுக்கு விஆர்எம் என்று பெயர். சாக்கெட்டைச் சுற்றி பெரிய அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதே, அதற்கு அடியில் இருப்பது அதுதான்.

பெட்டியில் '16+2+2' என்று போட்டிருப்பார்கள். ஏஎம்டி போர்டில் முதல் எண் பிராசசரின் கோர்களுக்கான கட்டங்கள். 80 ஆம்பியர், 110 ஆம்பியர் என்று இருப்பது ஒவ்வொரு கட்டத்தின் தாங்கும் திறன்.

இப்போது ரைசன் 7 9800எக்ஸ்3டி-யை எடுத்துக்கொள்வோம். அது சாக்கெட்டிலிருந்து இழுக்கும் உச்ச அளவு 162 வாட். 162-ஐ 1.2-ஆல் வகுத்தால் 135 ஆம்பியர். எட்டுக் கட்டம் உள்ள நடுத்தரப் போர்டிலேயே ஒரு கட்டத்துக்கு 17 ஆம்பியர்தான் வருகிறது. 60 ஆம்பியர் தாங்கும் கட்டத்துக்கு இது ஒரு சுமையே இல்லை. கேம் ஆடும்போது இந்தப் பிராசசர் பெரும்பாலும் 100 வாட்டுக்குக் கீழேயே நிற்கும். அப்படியென்றால் 20 கட்டம், 110 ஆம்பியர் என்று காட்டும் போர்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், இந்தப் பிராசசரோடு ஒருநாளும் வேலைக்கு வரப் போவதில்லை.

கோர் அல்ட்ரா 9 285கே-வின் உச்சம் 250 வாட். ரைசன் 9 9950எக்ஸ்3டி-யும் 9800எக்ஸ்3டி-யை விட அதிகம் இழுக்கும். இவற்றில் மணிக்கணக்காக ரெண்டரிங் ஓட்டுவதாக இருந்தால் பெரிய விஆர்எம்மும் கனமான ஹீட்சிங்கும் அவசியம். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அறைதான் உங்கள் கேமிங் அறை என்றால், கட்டங்களின் எண்ணிக்கையை விட ஹீட்சிங்கின் கனத்தைக் கவனியுங்கள். மேலே பளபளப்பான பிளாஸ்டிக் மூடியும் உள்ளே மெல்லிய தகடுமாக இருப்பதை விட, பள்ளம் பள்ளமாக வெட்டி, காற்று புகுந்து வரும் திண்ணமான அலுமினியம் நல்லது.

படி 5: மேனுவலைத் திறந்து 'லேன்' வரைபடத்தைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பணம் கட்டுவதற்கு முன்பே கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் மேனுவலை இறக்கிக்கொள்ளலாம், இலவசம்தான். அதில் 'பிளாக் டயகிராம்' என்று ஒரு பக்கம் இருக்கும். இல்லாவிட்டால் எஸ்எஸ்டி சொருகும் எம்.2 சாக்கெட்டுகளின் விவரப் பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படியுங்கள்.

இங்கே லேன் (lane) என்றால் தகவல் போகும் தடம்; நெட்வொர்க் கேபிளின் லேன் (LAN) வேறு. ரைசன் 7000, 9000 பிராசசர்களில் மொத்தம் 28 பிசிஐஇ லேன்கள். நான்கு சிப்செட்டுக்குப் போய்விடும். மீதி 24-இல் கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு 4. கடைசியாக மிஞ்சும் நான்குக்குத்தான் அடிதடி. எக்ஸ்870, எக்ஸ்870இ போர்டுகளில் அந்த நான்கும் பொதுவாக யூஎஸ்பி4-க்குப் போகிறது. போர்டில் நான்கைந்து எம்.2 சாக்கெட் இருக்கிறதே என்று நம்பி எல்லாவற்றிலும் எஸ்எஸ்டி சொருகினால் என்ன ஆகும்? சில போர்டுகளில் இரண்டாவது சாக்கெட்டில் சொருகியதும் கிராபிக்ஸ் கார்டு 16 லேனிலிருந்து 8 லேனுக்கு இறங்கிவிடும். சில போர்டுகளில் யூஎஸ்பி4-இன் வேகம் பாதியாகும். எந்தச் சாக்கெட்டில் எது குறையும் என்று சொல்வது அந்தப் பொடி எழுத்துதான்.

8 லேனுக்கு இறங்கினால் கேமில் பெரிய நஷ்டம் வராது. பிசிஐஇ 5.0-இல் 8 லேன் என்பது 4.0-இல் 16 லேனுக்குச் சமம்; ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் 5.0-ஐ ஆதரிப்பவை. ஆனாலும் உயர்ரகப் போர்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு எதற்காக இறங்க விட வேண்டும்? உங்களுக்கு மூன்று எஸ்எஸ்டி என்றால், மூன்றையும் போட்ட பிறகும் கார்டுக்கு 16 லேன் விடும் போர்டாகத் தேடுங்கள். அப்படிப்பட்டவை உண்டு.

சிப்செட் வழியாகப் போகும் எம்.2, சாட்டா (பழைய வகை டிஸ்க் இணைப்பு), நெட்வொர்க் லேன், வைஃபை, பெரும்பாலான யூஎஸ்பி எல்லாமே ஏஎம்டி போர்டில் பிராசசரைச் சேருவது பிசிஐஇ 4.0-இன் நான்கு லேன் வழியாகத்தான். அதாவது வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. குளத்துக்கு ஒரே மடை இருக்க, அதற்குக் கீழே எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் மடை விடுகிற தண்ணீர்தான். கேமுக்கு இது தாராளம். ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு 200 ஜிபி வீடியோவை நகர்த்துபவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று: கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு தடிமன் என்று அளந்து பாருங்கள். இன்றைய பெரிய கார்டுகள் மூன்று, மூன்றரை ஸ்லாட் அகலம். அது கீழே இருக்கும் சிறிய ஸ்லாட்டை மூடிவிட்டால், ஸ்லாட் இருந்தும் பயனில்லை. அந்தச் சிறிய ஸ்லாட் ஏன் வேண்டும் என்பதைப் படி 7-இல் சொல்கிறேன்.

படி 6: ராமும் அளவும்

நான்கு ஸ்லாட் இருந்தாலும் இரண்டு ராம் மட்டும் போடுங்கள். இன்றைய ராம் வகையான டிடிஆர்5-இல் நான்கு போட்டால் வேகம் நன்றாக இறங்கும். ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (ராமின் தாமத அளவு) உள்ள ஜோடி பொருத்தமானது. போர்டு தளத்தில் இருக்கும் சோதித்த ராம் பட்டியலில் உங்கள் ராமின் மாடல் எண் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

வழக்கமான அளவான ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மில்லிமீட்டர். உச்ச விலைப் போர்டுகள் சில இ-ஏடிஎக்ஸ். அவை இன்னும் அகலம். கேபினெட்டில் உட்காருமா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

படி 7: பின்பக்கமும் ஐப்பசி இடியும்

யூஎஸ்பி போர்ட் எத்தனை, டைப்-சி உண்டா என்று எண்ணுங்கள். ஹெட்செட் யூஎஸ்பியில் சொருகுவது என்றால் போர்டின் ஆடியோ சிப்புக்காகப் பணம் கூட்டத் தேவையில்லை. நெட்வொர்க் லேன் (LAN) போர்ட் 2.5ஜி வேகம் போதும்.

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு இந்த லேன் போர்ட்டில் தனிக் கவலை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் ஆரியங்காவுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் இடி நிச்சயம். மின்னல் கரண்ட் லைன் வழியாக மட்டும் வருவதில்லை. கம்பத்திலிருந்து செம்புக் கம்பியாக வீட்டுக்குள் வரும் லேன் கேபிள் வழியாகவும் வரும். அப்படி வந்தால் முதலில் சாவது போர்டின் லேன் சிப். ஆகவே வீடு வரைக்கும் ஃபைபர் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாக வரும் ஆபத்து அப்போதும் உண்டு. வானம் கறுக்கத் தொடங்கியதுமே, இடி நெருங்கும் முன்பே லேன் கேபிளையும் பவர் பிளக்கையும் கழற்றிப் போடுவதுதான் உறுதியான வழி. வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

லேன் சிப் மட்டும் போனால் போர்டை எறிய வேண்டாம். சிறிய பிசிஐஇ ஸ்லாட்டில் ஒரு நெட்வொர்க் கார்டு போட்டால் வேலை நடக்கும். இன்றைய உயர்ரகப் போர்டுகளில் ஸ்லாட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. கார்டு மூடாத ஒரு ஸ்லாட்டாவது மிஞ்ச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வைஃபையும் உள்ள போர்டாக இருந்தால் இன்னும் நிம்மதி.

சாரல் மாதங்களில் ஜன்னலோரம் கேபினெட்டை வைக்காதீர்கள். பின்பக்க ஸ்லாட் மூடிகளைக் கழற்றியபடி விடாதீர்கள். பல்லி உள்ளே புகுந்து போர்டை ஷார்ட் ஆக்கிவிடும்.

படி 8: எங்கே வாங்குவது

திருநெல்வேலி, மதுரை, சென்னை ரிச்சி தெரு, அல்லது மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம், திருவனந்தபுரம். ஓணம் சமயத்தில் கேரளக் கடைகளில் தள்ளுபடி கிடைக்கும். எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி ஒன்றுதான், ஆகவே விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். "அண்ணாச்சி, பில் இல்லாம ரெண்டாயிரம் குறைச்சுத் தாங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தியாவில் பெரும்பாலான போர்டுகளுக்கு மூன்று வருட வாரண்டி. அதைக் கேட்டு வாங்க பில்லும் சீரியல் எண்ணும் வேண்டும். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் நீங்கள் போய்வரக்கூடிய ஊரில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இரண்டு போர்டுகள் சமமாகத் தோன்றினால் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருப்பதையே எடுங்கள்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட்டின் கறுப்பு மூடியைத் தூக்கி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஏஎம்5-இல் 1718 பின்கள். எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன. நல்ல சாக்கெட்டில் வெளிச்சம் வரிசை வரிசையாக ஒரே சீராக மின்னும். ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம் மாறித் தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைக்காது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து இதுவரை வீடியோ எடுங்கள். அந்தக் கறுப்பு மூடியைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது கட்டாயம் வேண்டும்.

படி 9: முதல் முறை ஆன் செய்வது

உயர்ரகப் போர்டில் நான் மனதாரப் பணம் கொடுக்கச் சொல்லும் வசதிகள் இரண்டு: பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிப்பது), கோளாறு எண் காட்டும் சிறிய திரை. கடையில் மாதக்கணக்காகக் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருக்கும். புதிய பிராசசரை அது அடையாளம் காணாமல் போகலாம். பழைய பயாஸால் பிராசசருக்கே கேடு வந்ததும் உண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி-கள் சில கருகியபோது, எஸ்ஓசி (பிராசசருக்குள் ராமைக் கையாளும் பகுதி) வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் புதிய பயாஸ்தான் தீர்வாக வந்தது. 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலையில்லாமல் பழுதான பிரச்சினைக்கும் பயாஸ் வழியாகத்தான் திருத்தம் வந்தது.

ஃபிளாஷ்பேக்குக்குப் பிராசசர்கூடத் தேவையில்லை. பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலை மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றிப் போட்டு, பின்பக்கம் அதற்கென்று குறித்திருக்கும் போர்ட்டில் சொருகி, எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்து பட்டனை மூன்று வினாடி அழுத்துங்கள். விளக்கு மின்னி முடியும் வரை எதையும் தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போகக் கூடாது. யூபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள்.

அப்புறம் பிராசசர், இரண்டு ராம், கூலர், கார்டு. ராம், பிராசசர் சாக்கெட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். ஆன் செய்ததும் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 ராமைப் போர்டு பழக்கிக்கொள்ளும் நேரம் அது, பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். படம் வந்ததும் பயாஸுக்குள் போய் ஏஎம்டி என்றால் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 வேக ராம் 4800-இலோ 5600-இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். சேமித்து வெளியே வந்தால் இன்னொரு முறை திரை கறுக்கும். அதுவும் அந்தப் பழக்கம்தான், காத்திருங்கள்.